தொண்டை அடைச்ச பேனா

ஒரு ஊர்ல ஒரு கெட்டிக்காரப் பொண்டாட்டி, அவளுக்கு ஒரு மறதிக்காரப் புருஷன். பொண்டாட்டி பேரு பகவதி. அவளை அவரு கடைசியா உயிரோட பாத்தது ஆஸ்பத்திரிக் கட்டில்ல. காலை வெயில் ஜன்னல்ல விழுந்துட்டிருந்துச்சு. கஞ்சி வாங்கிட்டு வாரேன்னு பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு அவரு வாசல் வரைக்கும் போயிட்டாரு. அப்போ அவ கூப்பிட்டா.

"இங்க பாருங்க. என் பேனாவைக் கழுவி வைங்க, மை காஞ்சிரும். பேத்தி பொறந்தா அவ பேரை அதுலதான் எழுதணும்."

"பேத்தின்னு உங்கிட்ட யாரு சொன்னா? பேரனா இருந்தா?"

"பேரனுக்கும் பேரு உண்டுல்லா? போங்க, கஞ்சி ஆறிரும்."

வாங்காத கஞ்சி எப்படி ஆறும்? சிரிச்சுக்கிட்டே போனாரு. திரும்பி வந்தப்போ அவ இல்ல.

ம் கொட்டு மக்ளே. ம், அப்படி.

அப்புறம் பேனாவைக் கழுவினாரா? கழுவல. அது இருந்த மேசை டிராயரைத் திறக்கவே அவருக்குக் கை வரல. மை உள்ளேயே இறுகிப்போச்சு. அப்போ அவரு மக வயித்துல பிள்ளைக்கு ரெண்டு மாசம். அப்புறம் மழை வந்துச்சு, போச்சு, மாம்பழம் வந்துச்சு. ஒருநாள் "ங்கா, ங்கா"ன்னு ஒரு பேத்தி!

"நான்தானே அது?"

கதைல வர்ற பாப்பா அது. கேளு. நாஞ்சில் நாட்டுல குழந்தை பொறந்து இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டி பேரு சொல்லுவாங்க. பகவதி ஒரு நோட்டு வச்சிருந்தா. குடும்பத்துல யாரு பொறந்தாலும் அந்த நாள்ல பேரை அதுல எழுதுவா, அந்தக் கறுப்புப் பேனாவால. அவ கேட்ட கடைசிக் காரியம் அது ஒண்ணுதானே? இருபத்தெட்டுக்கு மூணு நாள் இருக்குறப்போ அவரு டிராயரைத் திறந்தாரு. பேனாவை எடுத்து எழுதிப் பாத்தாரு. கர்ர், கர்ர். பேப்பர்தான் கிழிஞ்சுது. பேனாவுக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு.

அப்போ என்ன செஞ்சாரு? முதல்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணில போட்டாரு. குபுகுபுன்னு ஆவி. வெளிய எடுத்தா, கறுகறுன்னு இருந்த பேனா பழுப்பாயிட்டுது! மை மட்டும் அசையல.

மறுநாள் வாயை வச்சு ஊதினாரு. ப்பூ... ப்பூ... ப்பூ! கன்னம் ரெண்டும் இட்லி மாதிரி வீங்கிச்சு. பொட்டுன்னு ஒரே ஒரு துணுக்கு மை தெறிச்சு மூக்கு நுனில ஒட்டிக்கிட்டுது. மக பாத்துட்டு, "அப்பா, திருஷ்டிப் பொட்டு குழந்தைக்குத்தான் வைக்கணும்"னா.

சிரிக்காதே, தூக்கம் போயிரும்.

மூணாவது நாள் கடைக்காரன் சொன்னான், "அம்மோனியா போடுங்க, மை ஓடிரும்"னு. எவ்வளவு போடணும்னு அவன் சொல்லல, இவரு கேக்கல. பாட்டிலை வாங்கிட்டு வந்தாரு. திறந்தா குப்புன்னு ஒரு நாத்தம். பாப்பாவுக்கு ஆகாதேன்னு குளியலறைக்குள்ள போயி, ஜன்னலையும் சாத்தி, கதவையும் சாத்திக்கிட்டாரு. மறுநாள் விருந்தாளு வருமேன்னு காலைலதான் அந்தத் தரை பூரா பிளீச்சிங் பவுடர் தூவி வச்சிருந்தாரு. அதையும் மறந்துட்டாரு.

பாட்டில் கை வழுக்கி, சளக்!

அப்போ ஒரு புகை வந்துச்சு பாரு. கண்ணு எரியுது. லொக் லொக் லொக். தாழ்ப்பாள் எங்கன்னு தெரியல. கை சுவரைத் தடவுது.

ம்?

ம்.

அந்த நேரத்துல பக்கத்து வீட்டு ரோஸ்லெட் டீச்சர் பாயசம் வைக்க வாங்கிட்டுப் போன உருளிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தா. பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவ. மூக்கை ஒரு தடவை உறிஞ்சினா, அவ்வளவுதான். உருளி டமார்!

"பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்குப் போ!"ன்னு மகளை விரட்டினா. அப்புறம் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு கதவைப் படபடன்னு தட்டினா. "அண்ணாச்சி! தாழ்ப்பாள் வலது பக்கம்! மேல! இன்னும் மேல!"

டக். திறந்துச்சு. சட்டையைப் பிடிச்சு முருங்கை மரத்தடிக்கு இழுத்துட்டுப் போயி, வாளித் தண்ணியை மூஞ்சில அடிச்சா.

"பிளீச்சிங் பவுடரும் அம்மோனியாவும் ஒண்ணாச் சேந்தா விஷப் புகை, அண்ணாச்சி. பேத்திக்குப் பேரு எழுதப் போறீங்களா, உங்க பேரை போஸ்டர்ல அடிக்கப் போறீங்களா?"

"பே... பேனா..."

"பேனா கெடக்கட்டும். வாங்க டாக்டர்கிட்ட!"

டாக்டர் நெஞ்சைக் கேட்டுட்டு, இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா வம்புன்னாரு. குளியலறைப் புகை போற வரைக்கும் டீச்சர் யாரையும் வீட்டுக்குள்ள விடல.

அப்புறம் மறுநாள் காலைல டீச்சரே வந்தா, கையில ரப்பர் உறை மாட்டிக்கிட்டு. முற்றத்துல, காத்து வர்ற இடத்துல உக்காந்தா. கிண்ணத்துல பத்து கரண்டி பச்சைத் தண்ணி, அதுல பாட்டில்ல மிஞ்சின அம்மோனியா ஒரே ஒரு கரண்டி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு. வேற எதுவும் அந்தக் கிண்ணத்துப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டா. பித்தளை, அலுமினியம் எங்கயாவது இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்தா, இதுங்களை அம்மோனியா அரிச்சிருமாம். அப்படி எதுவும் இல்ல. நிப்பு இருக்குற கழுத்தை மட்டும் திருகி எடுத்து, மெல்ல உள்ள விட்டா. புளுக்.

ரெண்டு பேரும் கிண்ணத்தையே பாத்துட்டிருந்தாங்க. கொஞ்ச நேரத்துல நிப்புக்கு அடியில இருந்து நீலமா ஒரு நூல் இறங்கிச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் கிண்ணம் பூரா நீலம். அது பகவதி கடைசியா ஊத்தின மை.

அவரு கண்ணைத் துடைச்சாரு.

"அம்மோனியா எரியுது டீச்சர்."

"ஒரு கரண்டிதான் அண்ணாச்சி ஊத்தினேன்"னா டீச்சர். அப்புறம் சொன்னா, "சரி, எரியட்டும்."

கால் மணி நேரம் கழிச்சு எடுத்து, நல்ல தண்ணில அலசினாங்க. சளப், சளப், சளப். தண்ணி தெளியுற வரைக்கும் அலசினாங்க. துணில ஒத்தி, காய வச்சு, புது மை ஊத்தினாரு.

பாப்பா பேரு கார்த்தியாயினி. எத்தனை எழுத்து! பாதில மை நின்னுருமோன்னு அவரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுதினாரு. கா... ர்... த்... தி... நிக்கல மக்ளே. கடைசி எழுத்து வரைக்கும் ஓடிச்சு. டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "உருளி நசுங்கினதுக்கு நான் பொறுப்பில்ல"ன்னா டீச்சர்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உனக்கு முறுக்கு கொண்டு வர்றாளே, அந்த டீச்சர்தான். ம்?

ம் காணோமே.

பேனா கழுவியாச்சு, கதை முடிஞ்சாச்சு. தூங்கு மக்ளே.

பகவதியோட நோட்டு அலமாரில இருக்கு. அதுல ஏழு பேரு. ஆறு அவ எழுத்து, ஏழாவது என் எழுத்து.