ஒரே மூச்சில் கட்டிய சுவர்

பொறியியல் கல்லூரியில் மரிய அந்தோணி மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆசிரியை திலகவதிக்கு முப்பத்தெட்டு. மரிய அந்தோணி நெடுஞ்சாலைப் பொறியாளர். சனிக்கிழமைகளில் வந்து ஆராய்ச்சி செய்தார்.

ஒரு சனிக்கிழமை, கட்டி முடித்த ஒரு சுவரின் கணக்கோடு வந்தார். மேம்பாலத்துக்கு ஏறும் சாலையைத் தாங்கும் சுவர். முகப்பில் கான்கிரீட் பலகைகள். அவற்றோடு பிணைத்த பட்டைகள் பின்னால் மண்ணுக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கும். மண்ணின் பிடியில்தான் சுவர் நிற்கும்.

"உச்சிதான் அதிகமா வெளிய சாயும்னு கணினி சொல்லுது, மேடம். அளவெடுக்கிற செல்லையா நடுவுல தொப்பைன்னு எழுதியிருக்கான். அதுவும் ஒரு விரல் கனத்துக்கு. மர நிழல்ல உக்காந்து எழுதின அளவு."

"என்ன செய்யப் போறீங்க?"

"ஆளை மாத்தச் சொல்லிக் கடிதம் எழுதியாச்சு." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"கணினியில சுவரை எப்படிக் கட்டினீங்க?"

"முழுசா நிறுத்தி, மொத்த எடையையும் ஒரே தடவையில ஏத்தினேன்."

திலகவதி முன்பக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். மணல், அட்டைகள், காகிதப் பட்டைகள்.

"அப்படியே இங்கயும் கட்டுங்க, சார்."

அவர் பட்டை ஒட்டிய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு வாளி மணலையும் கொட்டினார். கையை எடுத்தார். உச்சி அட்டை முன்னால் சாய்ந்தது. மணல் அவர் காலில் கொட்டியது.

"புது ஷூவா?" என்றாள்.

பிறகு அவள் கட்டினாள். ஓர் அட்டை. இரண்டு கை மணல். மரக்கட்டையால் தட்டி இறுக்கி, ஒரு பட்டை. மறுபடி மணல். மேலே ஒன்று ஏறும்போது கீழே உள்ளது மயிரிழை நகர்ந்தது. அடுத்த அட்டையை நேராக வைத்தாள். முதல் அடுக்குக்குத் தந்த அதே பொறுமையைப் பதினோராவது அடுக்குக்கும் தந்தாள். அந்தக் கைகளையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடச் சர்வீஸில் ஒரு சுவரை இப்படிப் பார்த்ததில்லை.

"தடவிப் பாருங்க."

கட்டைவிரலை மேலிருந்து கீழே ஓட்டினார். நடுவில் இலேசாகப் புடைத்திருந்தது.

"அப்போ கணினி சொன்னது பொய்யா, மேடம்?"

"பொய் இல்லை, சார். நீங்க கட்டின சுவரை அது சரியாத்தான் அளந்துச்சு. ரோட்டுல நிக்கிறதை அளந்தவர் செல்லையா."

கடைசி அடுக்குக்குப் பட்டை போதவில்லை. அவள் மேசையில் காகிதம் தேடினாள்.

மரிய அந்தோணி சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து, நீளவாக்கில் கிழித்துக் கொடுத்தார்.