தேவாங்கு சொன்ன "தெரியல"

குளக்கரை மருத மரத்தில் ஒரு தேவாங்கு இருந்தது. கையும் காலும் குச்சி. கண் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. இருட்டினால் வானம் பார்ப்பதுதான் அதன் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. தானே இழுத்துப் போட்டுக்கொண்டது.

அந்தப் பனிக்காலத்தில் கிழக்கே சிவப்பாக ஜொலிக்கும் திருவாதிரை நட்சத்திரம் திடீரென்று மங்க ஆரம்பித்தது. தேவாங்கு அதைத் தெரியாத்தனமாகத் தவளையிடம் சொல்லிவிட்டது. தவளையிடம் சொன்னால் குளம் பூராவும் சொன்ன மாதிரி!

"ஏன் மங்குது அண்ணே?" என்று எல்லாரும் மரத்தடிக்கு வந்துவிட்டார்கள்.

தேவாங்கு முதலில் பொறுமையாகத்தான் சொன்னது. "நமக்கும் அதுக்கும் நடுவுல புழுதி வந்து மறைக்கலாம். அந்த நட்சத்திரமே புகையைக் கக்கியிருக்கலாம். இல்லேன்னா அதோட சூடு கொறஞ்சிருக்கலாம். எதுன்னு சொல்ல இன்னும் பார்க்கணும்."

"அப்போ எதுதான்?" என்றது முயல்.

"இப்பத்தானே சொன்னேன்!"

மறுநாளும் அதே கேள்வி. அதற்கு மறுநாளும் அதேதான். தேவாங்குக்குக் கண் எரிந்தது, கழுத்து வலித்தது, பேச்சே கசந்தது. வானத்தைப் பார்ப்பதைவிட இவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஒரு சாயங்காலம் வானம் முழுக்க மேகம் மூடிக்கொண்டது. அப்பாடா, இன்றைக்காவது நிம்மதி என்று தேவாங்கு சுருண்டு படுத்தது. கீழிருந்து தவளை கத்தியது.

"அண்ணே! திருவாதிரை என்னாச்சு?"

"தெரியல!" என்று சொல்லிவிட்டுத் தேவாங்கு முதுகைக் காட்டிக்கொண்டது.

புதருக்குள் படுத்திருந்த நரி காதை நிமிர்த்தியது. கோரைப்புல்லுக்குள் நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்த முட்டைகள் மேல் அதற்கு ரொம்ப நாளாகக் கண்.

"கேட்டீங்களா!" என்று நரி வெளியே ஓடி வந்தது. "நேத்து வரைக்கும் மங்கலா தெரிஞ்சுது. இன்னைக்குத் தெரியவே தெரியலையாம்! அவ்வளவு பெரிய கண்ணுக்கே தெரியலன்னா நட்சத்திரம் வெடிச்சுப் போச்சுன்னு அர்த்தம். இனி குளத்துத் தண்ணி பூரா நஞ்சு! மலைக்கு அந்தப் பக்கம் ஓடுங்க!"

முயல் அப்போதே ஓட்டம் பிடித்தது. தவளைகள் கூட்டமாகக் கிளம்பின. நீர்க்கோழி மட்டும் கூட்டைவிட்டு நகரவில்லை.

"என் முட்டைங்க?"

"ஓட்டுக்குள்ள நஞ்சு போகாதும்மா. நீ பிழைச்சாத்தானே நாளைக்கு வந்து அடைகாக்க முடியும்? அதுவரைக்கும் தூர நின்னு நான் பார்த்துக்கறேன்."

நீர்க்கோழிக்கு நரியை நம்பவும் மனமில்லை, நம்பாமல் இருக்கவும் தைரியமில்லை. மரத்தடிக்கு ஓடி வந்து கெஞ்சியது.

"அண்ணே, நெசமாவே தெரியலையா?"

"அதான் தெரியலன்னு சொல்றேன்ல! ஆளை விடும்மா!" தேவாங்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நீர்க்கோழி அழுதுகொண்டே மலைப்பக்கம் ஓடியது.

தவளைச் சத்தம் நின்றுபோனதும்தான் தேவாங்குக்கு உறுத்தியது. எழுந்து பார்த்தது. மேகம் விலகியிருந்தது. மங்கலாக இருந்தாலும் திருவாதிரை அங்கேதான் இருந்தது. கீழே கோரைப்புல்லுக்குள் நரி ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"டேய்! கூட்டை விடுடா!" என்று அலறிக்கொண்டு தேவாங்கு இறங்கத் தொடங்கியது. பாவம், அதன் அவசரமே ஆமை வேகம்தான். அது தரைக்கு வருவதற்குள் நரி வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

மலைச்சரிவிலிருந்து நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

"இருக்கே அண்ணே! நீங்க தெரியலன்னீங்களே!" என்றது தவளை.

"ஏன் மங்குதுன்னு தெரியலன்னுதான்டா சொன்னேன். கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லல."

நீர்க்கோழி உடைந்த ஓடுகளை அலகால் புரட்டிப் பார்த்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"ஓடி வந்து கேட்டேனே அண்ணே. அப்போவாவது இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாமே?"

களைப்பாக இருந்தது என்று சொல்லத் தேவாங்கு வாயெடுத்தது, வெட்கமாகிவிட்டது. காலியான கூட்டுக்குப் பக்கத்தில் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்தது.

அலுப்பில் பாதியோடு நிறுத்திய உண்மையின் மீதியைப் பொய் வந்து நிரப்பிவிடும்.