அசையாத கை

நிழலூர் என்று ஓர் ஊர். அதற்கு மண் இல்லை, மழை இல்லை. கண்ணை மூடும் கவசத்தை மாட்டினால் ஊர் இருக்கும், கழற்றினால் இருக்காது. அங்கே யாரும் விரும்பிய உடம்பை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் மயிலாக வருவார், இன்னொருவர் ஆட்டோவாகவே வருவார். ஊரின் நடுவில் ஒரு கேரம் கூடம். சாயங்காலமானால் வடசென்னைக்காரர்கள் அங்கே கூடுவார்கள். எந்த உடம்பில் வந்தாலும் குரலை வைத்து இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தக் கூடத்தில் கள்ளாட்டம் புகுந்தது. காயைத் தானாகவே குழிக்குள் தள்ளும் நிரல்களைச் சிலர் கணினியில் ஒளித்துவைத்து ஆடினார்கள். அதைத் தடுக்கும் பொறுப்பு, ஊரை நடத்திய நிறுவனத்தில் வேலை பார்த்த மதலைமுத்துவுக்கு வந்தது. ஐம்பதைத் தாண்டியவர், ஒன்றைச் செய்துவிட்டு, அது சரிதானா என்று பிறகு குமைகிறவர். அவர் ஒரு காவல் நிரல் எழுதினார். ஆடுகிறவரின் கணினிக்குள் இறங்கி, அங்கே திறந்திருப்பதையெல்லாம் அது பார்க்கும். கைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே வேறு எந்த நிரல் நின்றாலும் ஆளை ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிடும். அதன் பிறகு அவர் பார்வையாளராக மட்டும் வரலாம்.

"என் கம்ப்யூட்டர்ல இன்னா வச்சிருக்கேன்னு நீ ஏன் சார் பாக்கணும்?" என்று ஆட்டோ உடம்பில் வரும் முனிரத்தினம் கேட்டார்.

"பார்க்கிறது வெளியே போகாது. நான் பொறுப்பு."

"அப்ப ஒருத்தன வெளிய தள்ளுனா எதுக்குத் தள்ளுனன்னு சபையில சொல்லணும். சும்மா தள்ளிட்டுப் போவக் கூடாது."

"சொல்கிறேன்."

இரண்டுக்கும் கூடம் கைதட்டியது. அந்தக் கைதட்டலில் மதலைமுத்துவும் கொஞ்சம் மயங்கினார். இரண்டு வாக்கும் ஒரே ஆளின் மேல் வந்து மோதினால் என்ன செய்வது என்று அவர் அப்போது யோசிக்கவில்லை.

இறுதிப் போட்டி வந்தது. ஒரு பக்கம் காசிமேட்டில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ரிஸ்வான். எதிரே செண்பகவல்லி, தண்டையார்பேட்டையில் அழகு நிலையம் நடத்துகிறவள். அவள் காலையில் மட்டும் கடை திறப்பாள். சாயங்காலம் நிழலூருக்கு வந்துவிடுவாள். அவள் கையைப் பற்றிக் கூடமே பேசும். கல்லில் செதுக்கிய விரல் மாதிரி நிற்கும், சுண்டும்போது மட்டும் அசையும். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு அதற்குத் துணைக்காயைக் குறிவைத்தபோது அவள் சட்டென்று மறைந்துபோனாள். காவல் வெளியேற்றிவிட்டது.

மதலைமுத்து காவல் அனுப்பியதைத் திறந்தார். ஒரு சின்ன நிரல் இருந்தது. அது குறிபார்க்கவில்லை, காயைத் தள்ளவுமில்லை. கையின் நடுக்கத்தை மட்டும் கழித்துவிட்டு மீதி அசைவை ஆட்டத்துக்கு அனுப்பியது. கூடவே அவர் பார்த்திருக்கக் கூடாதவையும் வந்திருந்தன: நரம்பு மருத்துவரின் சந்திப்பு நேரம், மாத்திரையின் பெயர், விரல் பயிற்சிக்கான காணொளி. அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"காலைல மாத்திரை பிடிச்சு வைக்கும் சார். சாயங்காலம் டம்ளரே நிக்காது."

"முன்னாடியே எங்களிடம் சொல்லியிருக்கலாமே அம்மா. அனுமதித்திருப்போம்."

"உங்க ஆபீஸ்ல எத்தன பேரு சார்?"

அவர் மனசுக்குள் எண்ணத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டார்.

"கள்ளாட்டம்னே சொல்லிடுங்க," என்றாள். "கள்ளாட்டம் ஆடுறவகிட்ட புருவம் திருத்திக்க வருவாங்க. கை நடுங்குறவகிட்ட எவ சார் மூஞ்சியக் காட்டுவா?"

மறுநாள் சாயங்காலம் கூடம் நிரம்பியிருந்தது. காரணம் கேட்டார்கள். மதலைமுத்து எழுந்து, "காவல் தவறு செய்துவிட்டது. செண்பகவல்லியின் கணினியில் ஒன்றுமில்லை," என்றார்.

"அப்ப என் மச்சானைத் தள்ளுனதும் தப்புதானே?" என்று முனிரத்தினம் பிடித்துக்கொண்டார். "இதுவரைக்கும் தள்ளுன எல்லாரையும் உள்ள வுடு." உண்மையிலேயே கள்ளாட்டம் ஆடிப் பிடிபட்டவர்களின் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். காவலே வேண்டாம் என்று குரல் எழுந்தது. கூடம் பழைய நிலைக்குப் போய்விடும் போலிருந்தது.

பார்வையாளர் வரிசையிலிருந்து செண்பகவல்லி பேசினாள். "காவல் சரியாத்தான் பிடிச்சுது. நான் கள்ளாட்டம் ஆடினேன். சார் பாவம் பார்த்துச் சொல்றாரு." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கூடம் அடங்கியது, காவல் பிழைத்தது. கோப்பையை ரிஸ்வானிடம் நீட்டினார்கள்.

"வேணாம்," என்றான்.

"ஏன், நீயும் அவங்க கூட்டா?" என்று முனிரத்தினம் கேட்டார்.

"எப்படி வேணா வச்சிக்க, அண்ணாத்த."

கோப்பையை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்தான். தனியாக அகப்பட்டபோது மதலைமுத்து கேட்டார்: "உனக்குத் தெரியுமா தம்பி?"

"எஞ்சின் முன்னாடி நின்னவன் சார் நான். யாரு கையும் அவ்ளோ அசையாம நிக்காது. நடுக்கத்த மறைக்கிறவங்க கைதான் அப்படி நிக்கும். ரொம்ப நாளாத் தெரியும்."

அவளுக்காகப் பொய் சொன்னவர் மதலைமுத்து. கூடத்துக்காகத் தன் மேலேயே பொய் சொல்லிக்கொண்டவள் செண்பகவல்லி. ஒன்றும் சொல்லாமல் கோப்பையையும் பெயரையும் விட்டவன் ரிஸ்வான். இந்த மூவரில் சரியாக நடந்துகொண்டவர் யார்?

விடை: ரிஸ்வான். அவன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இருந்தும் அவளுடைய ரகசியம் அவனிடம் பத்திரமாக இருந்தது, பொய்யும் கலக்கவில்லை. செண்பகவல்லியைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை, அவள் கொடுத்தது அவளுடைய சொந்தப் பெயரை. மதலைமுத்துவுக்கு இன்னொரு வழி இருந்தது. "ஒன்றாகக் காக்க முடியாத இரண்டு வாக்குகளைக் கொடுத்துவிட்டேன். காரணம் சொல்ல மாட்டேன். வெளியேற்றுவதென்றால் என்னை வெளியேற்றுங்கள்" என்று அவர் சபையில் சொல்லியிருக்கலாம். அந்த வாசகம் அன்று அவர் நாக்குவரை வந்தது. கைதட்டியவர்கள் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் விழுங்கிவிட்டார்.