மூன்றாம் மலையிலிருந்து வந்த கோல்கீப்பர்

ஒரு காட்டில் ஒரு கரடியார் கண்ணைக் கட்டிக்கொண்டு பந்து உதைத்தார். சிரிப்பு வருகிறதா? வரட்டும், ஆனால் கொஞ்சம் அடக்கி வையுங்கள். ஏனென்றால் அன்றைக்கு நீர்நாய் சுழலி அழாத குறையாக நின்றிருந்தாள்.

சுழலி ஓடைக்காட்டுப் பெண். வழுக்கி ஓடும் விலாங்கு மீனையே இரண்டு கையால் அள்ளுவாள். போன வருடம் வரை கரடியார் பூதத்தான், ஓடைக்கரையில் நடந்து, குட்டிகள் விளையாடுவதைப் பார்த்துத்தான் கால்பந்து அணிக்கு ஆள் எடுப்பார்.

இந்த வருடம் பந்தயச் சங்கம் பெருத்துவிட்டது. மூன்று மலைக்கு அப்பாலுள்ள காடுகளும் சேர்ந்துகொண்டன. அன்றிலிருந்து கரடியாரின் பார்வை மலையை விட்டு இறங்கவே இல்லை.

“மாமா, என்னை ஒரே ஒரு தடவை பாருங்களேன்.”

“போம்மா! இனி மோதப் போவது மலைக்காட்டு அணிகளோடு. ஓடையில் ஆள் தேடுற காலமெல்லாம் போயே போச்சு!”

அணியில் மிச்சமிருந்தது கோல்கீப்பர் இடம் மட்டும். ஆலமர நிழல் மைதானக் கோட்டைத் தொடுவதற்குள் ஆளைச் சொல்ல வேண்டும். தவறினால் ஓடைக்காட்டுக்கு இந்த வருடம் ஆட்டமே கிடையாது. சங்கத்து ஆமையார் ஓலையோடு காத்திருந்தார். நிழலுக்கும் கோட்டுக்கும் நடுவே நான்கே முழம்.

எந்தக் குரலையும் அப்படியே பேசும் குறும்புக்காரப் பறவை கரிச்சான். அவன் பறந்து வந்து சுழலியின் காதில் ஏதோ கிசுகிசுத்தான். பிறகு மூங்கில் புதருக்குள் புகுந்து உறுமினான்.

“டேய் கரடி! நான் மூன்றாம் மலைப் புலி. கோல் காக்க வந்திருக்கேன்.”

கரடியாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “வாங்க, வாங்க! முகத்தைக் காட்டுங்க ஐயா!”

“முகமா? மலைக்காட்டில் முகம் பார்த்து ஆள் எடுப்பதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஐந்து பந்து உதை. ஒரு பந்து உள்ளே போனாலும் நான் திரும்பிப் போய்விடுவேன்.”

“மலைக்காட்டு வழக்கம்னா மறுபேச்சே இல்லை!” கரடியார் தேக்கிலையால் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

கோலுக்குப் பின்னால் காய்ந்த வாகை நெற்றுகள் தொங்கின. பந்து உள்ளே போனால் கலகலவென்று குலுங்கும். சுழலி ஓசைப்படாமல் கோலுக்கு முன்னால் போய் நின்றாள்.

முதல் பந்து. தொப்! பிடித்து உருட்டிவிட்டாள். இரண்டாவது. தொப்!

மூன்றாவதை உதைக்கப்போன கரடியார் மூக்கை உறிஞ்சினார். “என்னது, மீன் வாசனை?”

சுழலி சட்டென்று கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“ஏன், புலி மீன் தின்னக் கூடாதோ?” என்று உறுமியது புதர்.

“ஐயோ, தாராளமா!”

மூன்று. நான்கு. நிழல் ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாவதைக் கரடியார் மொத்த பலத்தையும் கூட்டி உதைத்தார். சுழலி பாய்ந்தாள். பந்து அவள் நகநுனியில் பட்டது.

ஒரு நெற்று ‘கிலுக்’ என்றது.

“உள்ளேயா?” கரடியார் காதைத் தீட்டிக்கொண்டார்.

ஆமையார் கழுத்தை மெல்ல நீட்டினார். மெல்லப் பார்த்தார். “காற்றுதான். பந்து உள்ளே போகவில்லை.”

“அப்போ எழுதுங்க! தடுத்தவர்தான் என் கோல்கீப்பர்!”

ஆமையார் எழுதி முடிக்கவும் நிழல் கோட்டைத் தொடவும் சரியாக இருந்தது. கரடியார் இலையை அவிழ்த்தார். ஈரம் சொட்டச் சொட்ட, பந்தை அணைத்தபடி சுழலி நின்றிருந்தாள்.

“புலி எங்கே?”

புதரிலிருந்து கரடியாரின் குரலே பதில் சொன்னது: “ஓடையில் ஆள் தேடுற காலமெல்லாம் போயே போச்சு!”

கரடியார் புதரைப் பார்த்தார். சுழலியின் கைகளைப் பார்த்தார். கையிலிருந்த தேக்கிலையைப் பார்த்தார்.

“அடப்பாவி… கரிச்சான்!”

இப்போது சிரிக்கலாம்.

நீதி: தூரத்துப் பெயருக்கு மயங்குகிறவர், பக்கத்துத் திறமையைக் காணக் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.