கண்ணாடி அடுப்பில் வெல்லப்பாகு

சேர்வராயன் மலையில் ஒரு சின்ன ஆசிரமம். அதை நடத்திய தேவசேனா அம்மாவுக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சபாநாதனுக்கு அறுபத்தாறு. ஞானத்துக்கு வயதுச் சான்றிதழா கேட்கிறார்கள்?

பக்தர் ஒருவர் ஆசிரமத்துக்குக் கண்ணாடி அடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். கரண்டில் சூடாகும் அடுப்பு. சமையல்கட்டில் எல்லாரும் அதைத் தொடவே பயந்தார்கள். பராமரிக்கும் பொறுப்பு சபாநாதன் தலையில் விழுந்தது.

அம்மா சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். தேங்காய் நாரும் சாம்பலும் கிட்டவே வரக்கூடாது. கஞ்சி பொங்கினால் பதறாமல், ஓரத்தில் எரியும் சிவப்பு விளக்கு அணையும்வரை ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சபாநாதனுக்கு அது வேதவாக்காகிவிட்டது. அவர் வீட்டிலும் ஒன்று பொங்கித்தான் இருந்தது. மனைவியின் காரியம் முடிந்த அன்று மகள் செண்பகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னோடு வந்துவிடச் சொல்லி அழுதாள். மருமகன் வீட்டில் தண்டச்சோறு தின்ன வரமாட்டேன் என்று கையை உதறிவிட்டு மலையேறியவர்தான் இவர்.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஃபோன் செய்வாள். இவர் எடுக்க மாட்டார், ஆறட்டும் என்று விட்டுவிடுவார். மணி அடித்து ஓய்ந்ததும் சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்து அடுப்பின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்துத் தனிமையை அவரால் தாங்கவே முடியாது.

போன வெள்ளிக்கிழமை ஃபோன் வரவில்லை. ஒருவழியாக ஆறிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பௌர்ணமி. பாயசத்துக்குக் காய்ச்சிய வெல்லப்பாகு பொங்கி அடுப்பில் வழிந்தது. சபாநாதன் பதறவில்லை. விளக்கு அணையும்வரை காத்திருந்துவிட்டுத் துணியைப் போட்டார். பாகு கல்லாக இறுகிக் கிடந்தது. கத்தியால் நெம்பினார். பாகோடு சேர்ந்து, நகத்தளவு கண்ணாடியும் பேந்து வந்தது.

அம்மா வந்து பார்த்தார்.

"நீங்க சொன்ன மாதிரி ஆறவிட்டுத்தாம்மா எடுத்தேன்," என்றார் சபாநாதன்.

"அது கஞ்சிக்குச் சொன்னதுங்கய்யா."

அம்மா அதே அடுப்பில் பக்கத்திலிருந்த இன்னொரு சூட்டு வட்டத்தைச் சூடாக்கி, மிச்சமிருந்த பாகில் ஒரு கரண்டி அதன்மேல் ஊற்றினார். நுரைத்ததும் அடுப்பை அணைத்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சூட்டோடு சூடாகத் தகட்டால் சுரண்டினார். பாகு பாலாடை மாதிரி வழித்துக்கொண்டு வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. அம்மாவின் விரல் நுனிதான் சிவந்திருந்தது.

"சுடலையாம்மா?"

"சுட்டுது."

சபாநாதன் அந்தச் சிவந்த விரலைப் பார்த்தார். பிறகு, வந்த நாளிலிருந்து வீட்டைப் பற்றி வாய் திறக்காதவர், மகள் அழுததையும் தான் கையை உதறியதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"போன வெள்ளிக்கிழமை அவ கூப்பிடலம்மா. ஆறிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?"

அம்மா பேந்து கிடந்த கண்ணாடிச் சில்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஆறினப்புறம்தானேய்யா இது பேந்துச்சு?"