துளைக்குள் விட்ட கம்பி

"தட்டித் தட்டி என் காதே அடைச்சுப் போச்சு, டீச்சர். லிஃப்டை எப்பத்தான் நட்டு நிறுத்தப் போறோம்?"

தவசிக்கனி சுத்தியலைத் தரையில் வீசினார்.

அமலி சுத்தியலை எடுத்துத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

கோவில்பட்டி பைபாஸில் தவசிக்கனியின் கார் பட்டறை. இருபத்தாறு வருஷம் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்ததில் முதுகு போய்விட்டது. அதனால்தான் காரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிற இரட்டைத் தூண் லிஃப்டை வரவழைத்தார். அதை நிறுத்தும் வேலையையும் தானே கற்றுக்கொள்ள ஆசை.

ஊர் ஊராகப் போய் லிஃப்ட் நிறுத்துகிறவள் என்று கேள்விப்பட்டு அமலியைத் தேடிப் போனார். தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்தியவள். அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள்.

"கத்துத் தாரேன், அண்ணாச்சி. சொன்னதைச் செய்யணும்."

"செய்யுதேன்."

மூன்று நாளாகச் செய்தார். தரையைக் கழுவி, விரிசல்களின் மேல் சாக்பீஸால் கோடு போட்டார். நூல் பிடித்து மட்டம் பார்த்தார். அப்புறம் தரை கெட்டியா என்று சாணுக்குச் சாண் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். லிஃப்டின் தூண்கள் உறைகூடப் பிரிக்காமல் சுவரோரம் கிடந்தன. வெள்ளிக்கிழமை திறப்பு என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"இது என் தம்பி பொன்னரசு போட்ட தரை. இதைச் சோதிக்கிறது அவனையே சோதிக்கிற மாதிரி."

"துளை போடுங்க," என்றாள் அமலி.

"எதுக்கு?"

"கனம் பாக்கணும்."

"ஆறு அங்குலம். எழுதிக்கோங்க."

"பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. ஆத்திரத்தோடு டிரில்லை எடுத்தார்.

சிமெண்ட் தூள் பறந்தது. தவசிக்கனி மொத்த பலத்தையும் கொடுத்து அழுத்தினார். திடீரென்று டிரில் சரக்கென்று உள்ளே இறங்க, குப்புற விழப் பார்த்தார்.

அமலி நுனி வளைத்த கம்பியைத் துளைக்குள் விட்டாள். அடியில் கொக்கி மாட்டியதும், தரைமட்டத்தில் கம்பியை நகத்தால் பிடித்து வெளியே எடுத்து அளந்தாள்.

இரண்டரை அங்குலம். அதற்குக் கீழே வெறும் மணல்.

இன்னொரு துளை போட்டார். இரண்டரை. மூன்றாவது, இரண்டே கால்.

தவசிக்கனி போனை எடுத்தார்.

"ஏல, இப்பவே பட்டறைக்கு வா."

பொன்னரசு கொத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, காலில் ஈரச் சிமெண்டோடு வந்தான்.

"என்னைக் கொல்லப் பாத்திருக்கியேல! ஒன்றரை டன் காரைத் தூக்கி வச்சுட்டு அடியில நிக்கப் போறவன் நான். தூணைத் தரையில முடுக்குன போல்ட்டு பேத்துக்கிட்டு வந்தா என் கதி என்ன? எங்கம்மா வயித்துலதான் பொறந்தியா நீ?"

பொன்னரசு துளைகளைப் பார்த்தான்.

தவசிக்கனி கையை ஓங்கினார்.

அமலி நடுவில் வந்து நின்றாள். பொன்னரசைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு உங்க அண்ணன் என்ன கேட்டாரு?"

"கார் நிறுத்த ஒரு தரை. மூணே நாள்ல வண்டி ஏறணும்னு விரட்டினாரு."

"நிக்குதா?"

"பன்னெண்டு வருஷமா நிக்குது."

"அப்ப ஆறு அங்குலம்னு எவம்ல சொன்னான்?" என்று கத்தினார் தவசிக்கனி.

"நீங்கதான். வாற போறவன் எல்லார்கிட்டயும் பெருமைக்குச் சொல்லிக்கிட்டே இருந்தீய. நான் ஒருநாளும் சொல்லலை."

ஓங்கிய கை இறங்கியது. ஆனால் கோபம் இறங்கவில்லை. அது எங்கே போய் விழுவதென்று தெரியாமல் அமலியின் பக்கம் திரும்பியது.

"தட்டும்போதே உங்களுக்குக் கேட்டிருக்குமே, டீச்சர்! சத்தம் பொக்குன்னு வந்திருக்குமே! ஏன் சொல்லலை?"

"உங்களுக்கும்தான் கேட்டுது, அண்ணாச்சி."

ரோட்டில் ஒரு லாரி போனது. தரை லேசாக அதிர்ந்தது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது.

தவசிக்கனி மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து வந்தார்.

"புதுசாப் போட, எங்கேருந்து உடைக்கணும்?"

"என்னைக் கேக்காதீங்க," என்றாள் அமலி. "கொத்தனாரைக் கேளுங்க."

தவசிக்கனியால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. கடப்பாரையின் நுனியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எங்கேருந்து, பொன்னரசு?"

தம்பிக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

"நீங்க நிக்கிற எடத்துலேருந்துதான்," என்றான். "தள்ளி நில்லுங்க."