பூவரி கேட்ட ஒரு கேள்வி

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் பூவரி என்ற அணில் படித்து வந்தது. கெட்டிக்கார அணில்தான். ஆனால் எந்த வேலையையும் “அப்புறம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடும்.

மழை விடுமுறை பத்து நாள். இருபது மரங்களின் பயன்களை எழுதி வரச் சொல்லியிருந்தார் கொக்கு ஆசிரியை. நாளைக்குப் பள்ளி திறக்கிறது. பூவரியின் நோட்டில் ஒரு மரம்கூட இல்லை. அன்று பார்த்துக் காட்டில் விருது விழா. கடைசியில் மயிலின் நடனம் வேறு.

“எழுதாதவர்களை ஆற்றுச் சுற்றுலாவுக்குக் கூட்டிப்போக மாட்டாராம்” என்றது தோழி முயல்.

“விழாவையும் பார்ப்பேன், எழுதியும் முடிப்பேன். விருது வாங்குகிறவர்கள் பேசும்போது யார் கேட்கப்போகிறார்கள்?” என்று கண்ணைச் சிமிட்டியது பூவரி.

சொன்னபடியே செய்தது. குயில் பாடியபோது தலையாட்டிக் கேட்டது. குயில் நன்றி சொன்னபோது நாலு மரம் எழுதியது. குரங்கு கரணம் போட்டபோது கைதட்டியது. குரங்கு பேச வந்ததும் இன்னொரு ஆறு. மீதிப் பத்துக்கு யானையின் பேச்சைத்தான் நம்பியிருந்தது.

யானையோ சிறந்த பிளிறலுக்கான விருதை வாங்கிக்கொண்டு, “எல்லாருக்கும் நன்றி” என்று மட்டும் சொல்லித் திரும்பியது.

பூவரி துள்ளி எழுந்தது. “யானையாரே, உங்கள் பிளிறலை முதலில் பாராட்டியவர் யார் என்று சொல்லவில்லையே?”

யானைக்கு மறதி என்பதே கிடையாது. “நல்ல கேள்வி, குழந்தாய். முதலில் என் சித்தி...” என்று ஆரம்பித்தது. சித்திக்குப் பின் மூன்று பெரியம்மாக்கள். அப்புறம் எட்டு அத்தைகள்.

கூட்டம் கொட்டாவி விட்டது. பூவரி மட்டும் மும்முரமாக எழுதியது. இருபதாவது மரத்தை முடித்து நிமிர்ந்தபோது யானை இரண்டாவது அத்தையில்தான் இருந்தது.

“போதும் யானையாரே, நடனம் பார்க்கலாமே” என்றது பூவரி.

“நீதானே கேட்டாய்? பாதியில் விட்டால் மற்ற அத்தைகள் கோபித்துக்கொள்வார்கள்.”

எட்டாவது அத்தை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மேடையேறிய மயில் வானத்தைப் பார்த்தது. “இந்த இருட்டில் என் தோகை யார் கண்ணுக்குத் தெரியும்?” என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டது.

மறுநாள் ஆசிரியை நோட்டைப் புரட்டினார். “நன்றாக எழுதியிருக்கிறாய். விழாவுக்குப் போகவில்லையா?”

“போனேன் டீச்சர். யானையாரின் அத்தைகள் எல்லாரையும் தெரிந்துகொண்டு வந்தேன்” என்றது பூவரி, வாலைத் தொங்கவிட்டபடி.

நீதி: வேலையை முதலில் முடித்தவருக்கே வேடிக்கை முழுதாகக் கிடைக்கும்.